எதிர்ப்பவர்கள் கை தூக்கவும்

தலைநகரத்தில் கை தூக்கி வாக்களித்துவிட்டு ரயிலேறிய அன்செல்ம் சாமி, மோசெல் ஆற்றங்கரையிலிருக்கும் ரெபன்பாஹ் ஊரில் வந்து இறங்கினார். அவருடைய கை மட்டும் இறங்கவில்லை. இடது கையில் சூட்கேஸ், வலது கை தோளிலிருந்து நேராக மேலே, விரல்கள் ஒட்டியபடி, கூரையைத் தொடப்போகிறவர் மாதிரி. ரயில் கதவில் இடித்துக்கொள்ளாமல் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்தார். குடையோடு காத்திருந்த வால்புர்கா தன்னைப் பார்த்துத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டாள். இருபது வருஷத்துக்கு மேலாக அவருக்குச் சமைத்து, துவைத்து, அவர் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடியை அடுத்த ரயிலில் அனுப்பிவைக்கிற அவளைப் பார்த்து ஒருநாளும் கையாட்டாத மனுஷர், இன்றைக்கு என்ன புதுசாக.

"கையை இறக்குங்க சாமி, குடைக்குள்ள வர முடியல" என்றாள்.

"இறங்க மாட்டேங்குது" என்றார் அவர், ரயில் தாமதம் என்று சொல்கிற குரலில்.

அதற்குமேல் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் மார்ச் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்கு அவருடைய இறைச்சியை வால்புர்காதான் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தாள், பிறகு தினமும் வெட்டினாள்.

அன்செல்ம் சாமி இந்த ஆற்றில் ஓடம் விட்ட ஒருவரின் மகன். இந்தக் கரைக்காரனையும் அந்தக் கரைக்காரனையும் ஒரே ஓடத்தில் உட்காரவைத்து, சண்டை வராமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது அப்பன் பார்த்த வேலை, அதே வேலையைத்தான் மகன் வேறு அங்கியில் பார்த்தார். ரோமாபுரிக்குப் போய்த் திருச்சபைச் சட்டம் படித்தார். திரும்பி வந்து, ஒரு வரிசைத் திராட்சைக்கொடிக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பேசாமலிருந்த குடும்பங்களை ஒரே மேஜையில் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார். நம்ம சாமி நாடாளுமன்றத்துக்குப் போனால் நம்ம வைனுக்கு வரி குறையும் என்று ஊர் கணக்குப் போட்டு அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வரியும் கொஞ்சம் குறையத்தான் செய்தது. பிறகு திங்கட்கிழமை ரயிலில் போவதும் சனிக்கிழமை ரயிலில் வருவதும், அங்கே கறுப்புக் கோட்டும் இங்கே நீள அங்கியும், அனாதைகளுக்கு உதவித்தொகை, ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடல், விதவைகளுக்கு நிலக்கரி என்று கமிட்டி மேல் கமிட்டியாக ஏறி, கடைசியில் கத்தோலிக்கக் கட்சிக்கே தலைவராகிவிட்டார். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் தீராத சண்டை உலகத்தில் இல்லை என்று அவர் நம்பினார். அதுதான் அவருடைய பெருமை, அதுவே அவருடைய வியாதி என்று வால்புர்கா அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். அவரும் சிரித்துவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த மார்ச் மாதம் புதிதாக நாற்காலி ஏறிய ஆள், நாடாளுமன்றம் எதற்கு, நானே சட்டம் போட்டுக்கொள்கிறேன், அதற்கு ஒரு சட்டம் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். உங்கள் பள்ளிக்கூடங்களில் கை வைக்க மாட்டேன், மடங்களில் கை வைக்க மாட்டேன் என்று இவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னான். இவர் நம்பினார். கட்சிக்காரர்களைக் கூட்டி, ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது முதலில் உயர்ந்தது இவருடைய கைதான். தலைவர் தூக்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கட்சி மொத்தமும் ஆதரித்ததில் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. மற்றவர்களெல்லாம் கையை இறக்கி, தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் கை நின்றுவிட்டது.

ஆயர் டாக்டர்களை அனுப்பினார். தட்டினார்கள், ஊசியால் குத்தினார்கள், மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, போகும்போது ஆளுக்கு இரண்டு பாட்டில் வைன் வாங்கிக்கொண்டு போனார்கள். திருப்பலிக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் அதற்கு ஒரு உதவிச் சாமியார் வந்தார். வால்புர்கா அங்கியின் வலது கையைத் தோள்வரைக்கும் பிரித்துக் கொக்கி வைத்துத் தைத்தாள். சாமி உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டான தொட்டியின் மேற்பலகையில் தச்சர் ஒரு துவாரம் போட்டார். சனிக்கிழமைகளில் அந்தத் துவாரத்தின் வழியாகக் கை மட்டும் வெளியே தெரியும், வரிசையில் நிற்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே தங்கள் பாவங்களை ஞாபகப்படுத்திக்கொள்வார்கள். ஈஸ்டருக்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. பிள்ளைகள்கூட வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டன.

பழகிய பிறகு உபயோகம் கண்டுபிடித்தார்கள். கோடைக்காலத்தில் ஒவ்வொரு பூசைக்குப் பிறகும் ஆலங்கட்டி விழாமலிருக்க வானத்தை நோக்கி ஆசீர்வாதம் கொடுப்பது அந்தச் சீமை வழக்கம். மற்ற ஊர்ச் சாமியார்கள் கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். எங்கள் சாமி கை இறங்குவதே இல்லையே, அப்படியென்றால் எங்கள் ஊருக்கு ஆசீர்வாதம் நிற்கவே நிற்காதே என்று திராட்சைத் தோட்டக்காரர்களின் தலைவர் கஸ்பார் கண்டுபிடித்துச் சொன்னார். மே மாதம் மேகம் கறுத்த ஒரு மத்தியானம் சாமியை வண்டியில் ஏற்றி மேட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆலங்கட்டி ஆற்றின் அக்கரையில் விழுந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்கு என்றைக்குச் சாமி என்று முறை வைத்துக்கொண்டு, நாற்காலி, கம்பளி, ஒரு குவளை வைன் சகிதம் அவரைக் கொடிகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். அறுவடை முடியும்வரை அந்தக் கை இறங்கக் கூடாது என்று ஊரே ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியது. ஒரு மனுஷரின் கை விளங்காமல் போகவேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றி ஜெபித்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருந்திருக்குமா?

இன்னொரு கூட்டமும் சந்தோஷப்பட்டது. பழுப்புச் சட்டைக்காரர்களின் வணக்கமும் வலது கையை உயர்த்துவதுதானே. கிரெய்லிங் என்று ஒருவன், நேற்றுவரை பாட்டிலுக்குத் தக்கை விற்றவன், இப்போது அந்த வட்டாரத்துக்கே தலைவன். முதல் தடவை தெருவில் சாமியைப் பார்த்ததும் அவனுக்கு முகமெல்லாம் பல். இவரே நமக்கு வணக்கம் வைக்கிறாரே என்று பூட்ஸை அடித்துப் பதில் வணக்கம் வைத்தான். அவன் வைத்தால் அவன் ஆட்களும் வைக்கவேண்டும். சாமி ரொட்டிக்கடைப் பக்கம் போனாலும் ஆற்றங்கரையில் நடந்தாலும் எதிரில் வருகிற பழுப்புச் சட்டைகளின் கை தானாக விறைத்து மேலே போகும், சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தால் சிகரெட்டோடு போகும். மறுத்துச் சொல்லச் சாமிக்கு வாய் இருந்தது. அவர் சொல்லவில்லை. ஒரு ஊர் அவரை ஆசீர்வாதம் என்றது, ஒரு கட்சி அவரை வணக்கம் என்றது, இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நடந்தார்.

வால்புர்காவும் ஜூன்வரை பொறுத்துக்கொண்டாள். ஜூனில் அவளுடைய அக்காள் மகன் செவெரினைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமியின் கட்சிப் பத்திரிகையில் அச்செழுத்துக் கோர்த்தவன் அவன். தாயில்லாமல் வால்புர்காவின் சமையலறையில் வளர்ந்தவன், முப்பது வயதிலும் மாவுப் பாத்திரத்தை விரலால் வழித்துத் தின்கிறவன். எதற்காகப் பிடித்தீர்கள் என்று போய்க் கேட்டாள். காரணம் சொல்லவேண்டிய காலமெல்லாம் போய்விட்டது, இப்போது சட்டம் அப்படி என்றான் கிரெய்லிங். எந்தச் சட்டம் என்று கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டுக் கையைக் கேளுங்கள் என்றான்.

வடக்கே சதுப்பு நிலத்தில் முள்கம்பி போட்டு ஒரு முகாம் திறந்திருக்கிறார்கள் என்றும், அங்கே மண்வெட்டியோடு நிற்கவைத்திருக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. வால்புர்கா அன்றிலிருந்து பூசையில் ஊரோடு சேர்ந்து ஜெபம் சொல்வதை நிறுத்தினாள். ஊர் கை நிற்கட்டும் என்றது. அவள் அதே முழங்கால் பலகையில் முட்டிபோட்டு, விழட்டும் என்றாள். அவள் ஜெபத்தின் சத்தம் அதிகம் என்பதால் உதவிச் சாமியார் ஒருமுறை அவளை ஓரமாக உட்காரச் சொன்னார். அவள் நடுவிலேயே உட்கார்ந்தாள்.

சாமி செவெரினுக்காகத் தலைநகரத்துக்கு இரண்டு முறை போனார். உள்ளே விடவில்லை. ஜூலையில் கட்சியே கலைந்துபோனது. அதற்கப்புறம் திங்கட்கிழமை ரயில் அவர் இல்லாமல் போயிற்று.

ஒரு காலைப்பொழுது, கொக்கிகளை மாட்டிக்கொண்டிருக்கும்போது வால்புர்கா அவரிடம் கேட்டாள். ஊரில் சங்கக் கூட்டத்திலும் கை தூக்குகிறார்கள், பிறகு இறக்கிவிடுகிறார்கள், நாடாளுமன்றத்துக்காரர்களுக்கு மட்டும் இறக்குவதற்கு வழியில்லையா என்று.

"இருக்கு" என்றார் சாமி. "எண்ணி முடிச்சதும் எதிர்ப்பவர்கள் கை தூக்கவும்னு கூட்டத் தலைவர் கேட்கணும். அந்தக் கேள்வி வந்தாத்தான் முதல்ல தூக்கினவங்க இறக்கணும். அது முறை."

"கேட்டாங்கல்ல?"

"கேட்கல. ஆதரவே நிறைய இருந்துது. நேரமாச்சுன்னு எழுந்துட்டோம்."

"யாரு அன்னைக்குக் கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர்?"

சாமி ஜன்னலைப் பார்த்தார். வால்புர்கா கடைசிக் கொக்கியை மாட்டாமல் காத்திருந்தாள்.

"நான்தான்" என்றார். "கேட்டா கொஞ்சப் பேர் தூக்குவாங்கன்னு தெரியும். அவங்க முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்ல. அதான் கேட்கல."

வால்புர்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நேராக அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், நாற்காலியில் உட்காரவைத்து, கரண்டியால் மேஜையைத் தட்டி, எதிர்ப்பவர்கள் கை தூக்கவும் என்று கேட்டாள். சுண்டுவிரல்கூட அசையவில்லை. இன்னொருமுறை கேட்டாள். அடுப்படி சபை ஆகாது வால்புர்கா, இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தால்தான் அது சபை என்றார் அவர், இறக்கமுடியாத அந்தக் கையின் கீழே வியர்த்துக்கொண்டு.

இரண்டு பக்கத்து ஆட்களும் செப்டம்பரில் தாங்களாகவே வந்து உட்கார்ந்தார்கள். கிரெய்லிங் தன் ஆட்களுக்குப் புதுக்கொடி தைத்திருந்தான். அதைக் கோவிலில் வைத்து, சாமியின் உயர்ந்த கைக்குக் கீழே பிடித்து ஆசீர்வாதம் வாங்கி, போட்டோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது அவன் ஆசை. ஆயரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுவடைக்குச் சில நாட்களே இருந்தன, கொடிகளில் பழம் கனத்துத் தொங்கியது, கஸ்பாரும் தோட்டக்காரர்களும் வானத்தை நிமிர்ந்து பார்த்தபடியே கோவிலுக்குள் வந்தார்கள். முன்வரிசைகள் முழுக்கப் பழுப்புச் சட்டை. பலிபீடத்துப் படியில் சாமி நின்றார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

சாமி வாயைத் திறப்பதற்குள் வால்புர்கா எழுந்தாள். கோவிலுக்குள் பெண்கள் குரல் கொடுப்பது பாட்டுக்கும் ஜெபத்துக்கும் மட்டும்தான் என்று மடத்துக் கன்னியாஸ்திரி அக்காமார் அவளுக்குப் பிரம்பால் கற்பித்திருந்தார்கள். அந்தப் பிரம்புக்குக் கேட்கட்டும் என்கிற சத்தத்தில் அவள் சொன்னாள்.

"மார்ச் மாசம் ஒரு சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்துது. ஆதரிக்கறவங்களை மட்டும் கேட்டாங்க. பாதியில நிக்குது. மீதியை நான் கேட்கறேன். எதிர்ப்பவர்கள் கை தூக்கவும்."

சாமியின் கை விழுந்தது. மெதுவாக அல்ல, கயிறறுந்த வாளி கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்து, தொடையில் அடித்து, அங்கேயே ஆடி நின்றது. கஸ்பார் வானத்தைப் பார்க்கிறவர் மாதிரி கூரையைப் பார்த்தார். சாமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரல்களை மடக்கினார், நீட்டினார். இனி அவர் சும்மா நின்றிருந்தால் போதும். கை குணமாகிவிட்டது, சேசுவுக்குத் தோத்திரம் என்று சொல்லிவிட்டுக் கொடியை ஆசீர்வதித்திருந்தால் அவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். வால்புர்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்டாகிவிட்டது, பதில் வரட்டும்.

அவர் கையைத் தூக்கினார். ஆறுமாதம் அசையாத தோள் முனகியது, முழங்கை நடுங்கியது, இடது கையால் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, தன் சொந்தப் பலத்தில் தூக்கினார். தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார்.

சாமி கை மேலே போனால் தங்கள் கையும் மேலே போகவேண்டும் என்று அந்த ஆறுமாதமாகப் பழகிய உடம்புகள் முன்வரிசையில் இருந்தன. யோசிக்க நேரமில்லை, யோசிக்கிற பழக்கமும் இல்லை. கிரெய்லிங்கின் கை விறைத்து மேலே போனது, பூட்ஸ் சத்தத்தோடு அவன் ஆட்கள் அத்தனை பேரின் கையும் போனது. பின்னாலிருந்த தோட்டக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரி தூக்கினாள். தச்சர் தூக்கினார். கடைசியில் கஸ்பாரும் ஆலங்கட்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டே தூக்கினார். போட்டோக்காரர் விளக்கை அடித்தார்.

வால்புர்கா நடுவழியில் நடந்துபோய், முதல் வரிசையின் ஓரத்திலிருந்து ஒவ்வொரு கையாக விரல் நீட்டி உரக்க எண்ணத் தொடங்கினாள். கிரெய்லிங்கை எண்ணும்போது பேர் சொல்லியே எண்ணினாள். எதற்கு எண்ணுகிறாள் என்று அவனுக்கு உறைக்கிறதுக்குள் அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

"எல்லாரும் எதிர்ப்பு" என்றாள். "சட்டம் தோத்துப்போச்சு. கையை இறக்கலாம்."

முதலில் சிரித்தது யார் என்பதில் ரெபன்பாஹில் இன்னும் சண்டை இருக்கிறது. கோவிலுக்குள் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் இருமினார்கள், அந்த இருமல் கோவில் முழுக்கப் பரவி, ஆர்கன் வாசிக்கிறவர் வரைக்கும் போய்விட்டது. கிரெய்லிங் கொடியைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான்.

அன்று சாயங்காலமே வால்புர்கா தொப்பியை வைத்துக்கொண்டு அவனுடைய அலுவலகத்துக்குப் போனாள், அது பழைய தக்கைக் கடைதான், வாசனை போகவில்லை. உன்னையும் உன் சாமியையும் சதுப்பு நிலத்துக்கு அனுப்புகிறேன் என்று அவன் கத்தினான். அவள் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றினாள்.

"அனுப்புங்க. காரணம் எழுத வேண்டாம்தான். ஆனா ஊர் சொல்லும். எங்களைப் பிடிச்சா இன்னும் வேகமாச் சொல்லும். உங்க பெரிய தலைவரோட சட்டத்தை எதிர்த்து நீங்களே ஆட்களோட கை தூக்கினீங்கன்னு பக்கத்து ஊர்த் தலைவன் காதுல விழுந்தா என்ன ஆகும்? அவன் உங்க நாற்காலிக்கு அலையறான்னு உங்க பெண்டாட்டியே மீன் கடையில சொன்னாங்க."

"அது வணக்கம்" என்றான் கிரெய்லிங்.

"எதிர்ப்பவர்கள் கை தூக்கவும்னு கேட்டதுக்கு அப்புறமா?"

அவன் மேஜையில் கிடந்த ஒரு தக்கையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தான். உனக்கு என்ன வேண்டும் என்று கடைசியில் கேட்டான். அவள் செவெரினின் பெயரைச் சொன்னாள். அவன் வந்தால் வாயைத் திறக்கமாட்டாயா என்று கேட்டான். திறக்கமாட்டேன் என்று வால்புர்கா வாக்குக் கொடுத்தாள்.

அறுவடை தொடங்குகிறதற்குமுன் ஒருநாள் ஆலங்கட்டி விழத்தான் செய்தது. ஆற்றையொட்டிய தாழ்வான தோட்டங்கள் போயின, மேட்டுத் தோட்டங்கள் தப்பின, எந்த வருஷமும் நடக்கிற மாதிரிதான். தாழ்வான தோட்டம் கஸ்பாருடையது. அடுத்த வருஷத்து வைன் வரும்வரை அவர் வால்புர்காவுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் யாராவது உங்கள் தோட்டம் போனதற்கு அவள்தானே காரணம் என்று கேட்டால், நானும்தான் கை தூக்கினேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். போட்டோ வட்டாரப் பத்திரிகையில் வந்தது. பழுப்புச் சட்டைகளின் கை வரிசையும் நடுவில் சாமியின் கையுமாக, பார்க்கப் பரம விசுவாசமாக இருந்தது. ரெபன்பாஹில் அதை வெட்டி ஒட்டாத சமையலறை இல்லை. ஆயர் சாமியை அழைத்து, இனி பிரசங்கம் வேண்டாம், பாவசங்கீர்த்தனம் கேட்டால் போதும் என்றார். சரி என்று தலையாட்டாமல் வந்தார் சாமி. வந்த ஞாயிற்றுக்கிழமையே பிரசங்கம் வைத்தார்.

செவெரின் ஒரு மத்தியானம் பின்கதவு வழியாக வந்தான். தலைமுடியை மழித்திருந்தார்கள், முன்பல் இரண்டு இல்லை. அங்கே நடந்ததைச் சொல்லவில்லை, வால்புர்காவும் கேட்கவில்லை. மாவுப் பாத்திரத்தை அவன் பக்கம் தள்ளினாள். அவன் வழித்துத் தின்றுகொண்டிருக்கும்போதே தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் வழக்கம்போல நீண்ட வரிசை நின்றது. வால்புர்கா முறை வந்ததும் முட்டிபோட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சாமி மூச்சு விடுவது கேட்டது.

"கிரெய்லிங்குக்கு ஒரு வாக்குக் குடுத்தேன் சாமி. மீறிட்டேன். நம்ம ஊர்ல ஒரு வீடு விடாம அவன் முழிச்ச முழியைச் சொன்னேன். ஓடமேறி அக்கரைக்குப் போயும் சொன்னேன். சந்தையில நின்னு சொன்னேன்."

"வாக்கை மீறினதுக்கு மனஸ்தாபப்படறியா?"

"இல்ல."

"மனஸ்தாபம் இல்லாம பாவமன்னிப்புக் குடுக்க முடியாது. உனக்குத் தெரியும்."

"தெரியும். மன்னிப்பு வேண்டாம். பாவத்தைக் கேட்டுக்கிட்டா போதும்."

வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, சாமி வலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சரி" என்றார். "முதல்லேர்ந்து சொல்லு."

வால்புர்கா சொன்னாள், வரிசையில் கடைசியாக நிற்கிறவருக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமல்.